ஆட்டம் யார் கையில்? வகைக் கலப்பும் ஆட்டக்காரரின் செயலுரிமையும்

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான டியூஸ் எக்ஸ் கேமில் லாம் என்றொரு வெடி உண்டு. அதைக் கையெறி குண்டாக வீசலாம். சுவரில் ஒட்டிவைத்தால் எதிரி அருகே வரும்போது வெடிக்கும் கண்ணியாகிவிடும். அயன் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஆஸ்டின் கிளையிலிருந்த வடிவமைப்பாளர்கள் எண்ணியிருந்தது அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். சுவரில் ஒட்டிய வெடி கணினியின் கணக்கில் ஒரு திடப்பொருள், எனவே அதன்மேல் ஏறி நிற்க முடியும். ஒன்றை ஒட்டி அதன்மேல் ஏறி, அடுத்ததை இன்னும் உயரத்தில் ஒட்டி, ஏறவே முடியாது என்று வடிவமைப்பாளர்கள் நம்பியிருந்த சுவர்களைத் தாண்டிப் போனார்கள். அந்தக் கேமின் முதன்மை வடிவமைப்பாளர் ஹார்வி ஸ்மித் பின்னாளில் இதைத் தன் உரைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இதைப் பிழை என்பதா, கேமின் உச்சம் என்பதா? கேம் வடிவமைப்பு குறித்த முப்பது ஆண்டு விவாதத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ஆட்டக்காரரின் செயலுரிமை பற்றிப் பேசுபவர்கள் கதைக் கிளைகளையும் முடிவுகளின் எண்ணிக்கையையும் பேசுவார்கள். வகைக் கலப்பு பற்றிப் பேசுபவர்கள் விற்பனைப் பெட்டியில் எந்தப் பெயரை அச்சிடுவது என்பதில் போய் நிற்பார்கள். இரண்டும் தனித்தனி அறைகளில் நடக்கும் பேச்சாகவே இருந்துவருகின்றன. என் கருத்தில் இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை. ஒரு வகையில் பழகிய செயல், மற்றொரு வகையின் நிலவரத்தை மாற்ற முடிகிற இடத்தில்தான் கலப்பு நிகழ்கிறது. ஆட்டக்காரருக்குத் தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வும் அங்கேதான் பிறக்கிறது.

டியூஸ் எக்ஸ் வழிவந்த மரபின் தொடக்கம் 1992 மார்ச். அந்த மாதம் வந்த அல்டிமா அண்டர்வேர்ல்ட், ஆர்பிஜி எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டை முதல்நபர் பார்வையிலான முப்பரிமாண நிலவறைக்குள் கொண்டுபோனது. சுடும் விளையாட்டுகளுக்கு வழிவகுத்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி வெளிவந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். பால் நியூராத், டக் சர்ச் முதலியோர் அடங்கிய அந்தச் சிறு குழு பின்பு லுக்கிங் கிளாஸ் என்று பெயர் பெற்றது. அவர்கள் செய்த அடுத்த காரியம் இன்னும் துணிச்சலானது. 1994இல் வந்த சிஸ்டம் ஷாக்கில் உரையாடலையே எடுத்துவிட்டார்கள். பட்டியலிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துப் பேசும் முறை, உண்மையான இடத்தில் நடமாடும் உணர்வைக் கெடுக்கிறது என்பது அவர்கள் எண்ணம். எனவே விண்வெளி நிலையத்தில் எல்லோரும் செத்துப்போய்விட, அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகள் மட்டும் மிஞ்சின. 1998இல் வந்த தீஃப், கேமில் ஒளிக்கும் ஒலிக்கும் பொருள் கொடுத்தது. நீர் அம்பு எய்தால் தீப்பந்தம் அணையும். பளிங்குத் தரையில் நடந்தால் காலடி ஓசை கேட்கும், பாசி அம்பு விட்டால் அது அடங்கும். மிகக் கடினமான நிலையில் ஆடுபவர் மனிதர் எவரையும் கொல்லக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. கேமைக் கடினமாக்க எதிரிகளின் உயிர்ச்சக்தியைக் கூட்டுவது வழக்கம். இவர்களோ தொழில்நேர்த்தியைக் கூட்டச் சொன்னார்கள். திருடனுக்குப் பொருத்தமான நிபந்தனைதான்.

செயலுரிமைக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஜேனட் மர்ரே 1997இல் வெளியிட்ட ‘ஹேம்லட் ஆன் த ஹாலோடெக்’ நூலில், சும்மா இயங்கிக்கொண்டிருப்பதையும் செயலுரிமையையும் பிரித்துக் காட்டினார். தாயம் உருட்டி ஆடும் ஆட்டத்தில் கை ஓயாது, ஆனால் முடிவு எதுவும் ஆடுபவருடையதல்ல. சதுரங்கத்தில் எப்போதோ ஒருமுறைதான் காய் நகரும், ஒவ்வொரு நகர்வும் ஆடுபவருடைய முடிவு. நம் திண்ணைகளில் வைத்துச் சொன்னால் பரமபதத்துக்கும் ஆடு புலி ஆட்டத்துக்கும் உள்ள தூரம் இது. பரமபதத்தில் பாம்பு கடித்தாலும் ஏணி கிடைத்தாலும் நாம் வெறும் சாட்சி. மூன்று புலியும் பதினைந்து ஆடும் இருக்கும் பலகையில் தாயத்துக்கு வேலையே இல்லை, தோற்றால் பழி நம்முடையது. இரண்டாமவர் டக் சர்ச். 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு நோக்கத்தை வகுத்துக்கொள்ள முடிவது, செய்ததன் விளைவு கண்ணுக்குத் தெரிவது என்ற இரண்டையும் வடிவமைப்பின் கருவிகளாக முன்வைத்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கதையே பெரிதாக இல்லாத சூப்பர் மரியோ 64. தூரத்தில் ஒரு மலை தெரிகிறது, ஏறலாம் என்று தோன்றுகிறது, வழி யோசிக்கிறோம், விழுந்தால் ஏன் விழுந்தோம் என்று தெரிகிறது. பத்து முடிவுகள் வைத்த கதை கேமை விட இந்த மரியோவில் செயலுரிமை அதிகம் என்றால் அதில் முரண் ஒன்றும் இல்லை.

கலப்பு எங்கே சிக்கலாகிறது என்பதைக் காட்ட, ஒரு வாள் வீச்சு போதும். 2002இல் வந்த மாரோவிண்டில் எதிரே நிற்கும் பூச்சியை நோக்கி வாளை வீசுகிறோம். வாள் பூச்சியின் உடலுக்குள் போய் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கேமோ ‘படவில்லை’ என்கிறது. உள்ளே ஒரு கண்ணுக்குத் தெரியாத பகடை உருண்டு, பாத்திரத்தின் வாள்திறன் குறைவு, களைப்பு அதிகம் என்று கணக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தக் கேமை நேசிப்பவர்களும் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. இங்கே மோதுவது இரண்டு ஒப்பந்தங்கள். ஆர்பிஜியின் ஒப்பந்தப்படி திறமை பாத்திரத்துக்குச் சொந்தம், எண்கள் அதைச் சொல்லும். முதல்நபர் அதிரடி விளையாட்டின் ஒப்பந்தப்படி திறமை ஆடுபவரின் கைக்குச் சொந்தம், குறி சரியாக இருந்தால் பட்டாக வேண்டும். திரை ஓர் ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டு மற்றொன்றை நிறைவேற்றும்போது ஏமாற்றப்பட்ட எரிச்சல் வருகிறது.

இதை அவிழ்க்க வந்த வழிகளைப் பார்ப்பது சுவையானது. டியூஸ் எக்ஸில் துப்பாக்கிப் பயிற்சி இல்லாதவரின் குறிக்கோடுகள் அகன்று நிற்கும், அசையாமல் நின்றால் மெல்லச் சுருங்கும். எண் இருக்கிறது, ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறது. பொறுமையாலும் இடத்தேர்வாலும் ஆடுபவர் அதை ஈடுகட்டலாம். 2006இல் வந்த ஆப்லிவியன் பகடையைத் தூக்கிவிட்டு, வாள் பட்டால் பட்டதுதான், எவ்வளவு காயம் என்பதை மட்டும் எண் சொல்லட்டும் என்றது. ஃபால்அவுட் 3 (2008) நேரத்தையே நிறுத்தி, எதிரியின் தலைக்கு இத்தனை விழுக்காடு, காலுக்கு இத்தனை விழுக்காடு என்று எழுதிக் காட்டியது. பால்டர்ஸ் கேட் 3 (2023) இருபது முகப் பகடையைத் திரை நடுவே உருட்டியே காட்டிவிடுகிறது. அதில் சண்டை முறைவைத்து நடப்பதால் கைத்திறனுக்கு உரிமை கோர ஆளில்லை. இவற்றில் எது சிறந்தது என்பதைவிட, எல்லாமே ஒரே குறையைத்தான் சரிசெய்கின்றன என்பதே கவனிக்க வேண்டியது. தோல்விக்குக் காரணம் ஆடுபவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த முறைக்குத் திட்டம் போட முடியாது. திட்டம் போட முடியாத இடத்தில் எத்தனை பொத்தான்கள் இருந்தும் பயனில்லை.

கலப்புக்கு எதிரான மிகச் சிறந்த வாதம் அதைச் செய்து பார்த்த ஒருவரிடமிருந்தே வந்தது. சிட் மையர் 1987இல் பைரேட்ஸ் என்ற கேமைச் செய்தார். கப்பலோட்டம், வாள்சண்டை, வணிகம், புதையல் தேட்டம் என எல்லாம் அதில் உண்டு. பெரிய வெற்றி. 1990இல் கோவர்ட் ஆக்‌ஷன் செய்தார். உளவாளி ஒருவர் சதியைத் துப்பறியும் கதை. இடையிடையே கட்டடத்துக்குள் புகுதல், கார் துரத்தல், சங்கேத மொழி உடைத்தல், தொலைபேசி ஒட்டுக்கேட்டல் என்று சிறு ஆட்டங்கள். பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. ஆனால் இரண்டாவது அவருக்கே திருப்தி தரவில்லை. கட்டடத்துக்குள் புகும் பகுதி நன்றாக வந்திருந்தது, நீளமாகவும் இருந்தது. அதிலிருந்து வெளியே வரும்போது யாரைத் துப்பறிந்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். இரண்டு அருமையான கேம்களை ஒரே பெட்டியில் அடைப்பதைவிட ஒரு நல்ல கேம் மேல் என்று அவர் முடிவுக்கு வந்தார். வடிவமைப்பாளர்கள் இதைக் கோவர்ட் ஆக்‌ஷன் விதி என்றே அழைக்கிறார்கள்.

விதி சரியானது. ஆனால் அதிலிருந்து ‘கலக்காதே’ என்ற பாடத்தை எடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பைரேட்ஸில் வாள்சண்டை சில நிமிடத்தில் முடிந்து, கைப்பற்றிய கப்பலும் சரக்கும் உடனே வரைபடத்தில் என் நிலையை மாற்றுகின்றன. துறைமுகத்தில் என்னை வரவேற்கும் ஆளுநரின் முகம்கூட மாறுகிறது. கோவர்ட் ஆக்‌ஷனில் புகுந்த கட்டடம் ஒரு துப்பைத் தந்துவிட்டு விலகிக்கொள்கிறது. வேறுபாடு நேரத்தில் மட்டும் இல்லை, ஒரு பகுதி மற்றொன்றை எவ்வளவு அசைக்கிறது என்பதிலும் இருக்கிறது.

அசைக்காத கலப்புக்கு உதாரணங்கள் ஏராளம். வில் ரைட்டின் ஸ்போர் (2008), ஓர் உயிரணுவிலிருந்து விண்வெளி வரை ஐந்து கட்டங்களை ஐந்து வகைகளாக வரிசையில் வைத்தது. உயிரினத்தை உருவாக்கும் கருவி அற்புதம், கட்டங்கள் ஒவ்வொன்றும் மேலோட்டம். டிம் ஷேஃபரின் ப்ரூட்டல் லெஜண்ட் (2009) அதிரடிக் கேம் போலத் தொடங்கி, போகப்போகப் படை நடத்தும் வியூகக் கேமாக மாறியது. வாங்கியவர்கள் பலருக்கு அது எதிர்பாராத விருந்தாளி. இதற்கு நேர் எதிரான கதை ஆக்ட்ரெய்சர் (1990). வாள்வீச்சு மேடைகளும் ஊர் கட்டும் பகுதியும் மாறிமாறி வரும். இரண்டாம் பாகத்தில் ஊர் கட்டுவதை நீக்கிவிட்டு வாள்வீச்சை மட்டும் வைத்தார்கள். எடுத்த பிறகுதான் பலருக்கும் பிடித்திருந்தது எதுவென்று புரிந்தது.

வெற்றி பெற்ற கலப்புகளில் அண்மைக் காலத்தில் அதிகம் பின்பற்றப்படுவது ரோக்லைக் வகையிலிருந்து கிளைத்தது. 1980இல் பல்கலைக்கழகக் கணினிகளில் எழுத்துக் குறிகளால் ஆடப்பட்ட ரோக் என்ற நிலவறை ஆட்டம் தந்த மரபு இது. ஒவ்வொரு முறையும் புது நிலவறை, செத்தால் முதலிலிருந்து. 2008இல் டெரிக் யூ இதைத் தாவிக் குதிக்கும் விளையாட்டோடு சேர்த்து ஸ்பெலங்கி செய்தார். மெகா கிரிட் குழு இதைச் சீட்டுக்கட்டு சேர்க்கும் விளையாட்டோடு சேர்த்து ஸ்லே த ஸ்பையர் செய்தது. முழுப் பதிப்பு 2019இல் வந்தது. பெட்டியில் இரண்டு வகைகளின் பெயர் இருந்தாலும் ஆடும்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஒரு சீட்டைச் சேர்க்கலாம், வேண்டாமென்றும் விடலாம். சேர்த்த சீட்டு அடுத்த சண்டையை மாற்றும். செத்தால் கட்டு கலைந்துவிடும் என்பதால் ‘இருக்கட்டும்’ என்று எதையும் சேமிக்க முடியாது. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை அதன் தலைக்கு மேலேயே காட்டிவிடுகிறார்கள். அதிர்ஷ்டம் முதலில் வந்து சீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, அதன் பிறகு நடப்பது நம் பொறுப்பு. மாரோவிண்டில் நாம் வாளை வீசிய பிறகு பகடை உருண்டது, இங்கே பகடை முன்னால் உருண்டுவிடுகிறது. இந்த வரிசை மாற்றம் சின்னதாகத் தோன்றும், ஆனால் ஆடுபவரின் மனநிலை முழுக்க இதில் இருக்கிறது. 2024இல் வந்த பலாட்ரோ போக்கர் சீட்டாட்டத்தையே இந்த அச்சில் வார்த்தது.

விதிகளை ஒரே பொதுத்தளத்தில் வைப்பதில் மிகத் தெளிவான பாதையை வகுத்தது நின்டெண்டோ. 2017இல் வெளிவந்த த லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட் கேமை உருவாக்கியவர்கள், அதே ஆண்டு நடந்த கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் தங்கள் ‘வேதியியல் எந்திரம்’ பற்றி விளக்கினார்கள். நெருப்பு, நீர், காற்று, மின்சாரம் போன்ற பூதங்கள் ஒரு பக்கம், மரம், உலோகம், உடல் போன்ற பொருள்கள் மறுபக்கம். பூதங்கள் பொருள்களின் நிலையை மாற்றும், பூதங்கள் ஒன்றையொன்று மாற்றும், பொருள்கள் ஒன்றின் நிலையை மற்றொன்று மாற்றாது. மூன்றே விதி. ஆனால் புல்லில் தீ வைத்தால் வெப்பக்காற்று எழும், அதில் பாராசெயில் விரித்து மேலே போகலாம். இடி மின்னலில் உலோக வாளை ஏந்தி நின்றால் மின்னல் நம்மேல் விழும், அதே வாளை எதிரியின் காலடியில் எறிந்தால் மின்னல் அங்கே போகும். மின்சுற்றுப் புதிரில் வேண்டிய இரும்புப் பெட்டி கிடைக்காவிட்டால் கையிலிருக்கும் வாள்களை வரிசையாகப் போட்டுச் சுற்றை முடிக்கலாம். அப்போது புதிருக்கும் சண்டைக்கும் பயணத்துக்கும் நடுவே சுவர் இல்லை. ஒரு சன்னதியில் கைக்கருவியைச் சாய்த்துப் பந்தைச் சிக்கலான தடத்தில் உருட்ட வேண்டும். பலரும் அந்தப் பலகையையே தலைகீழாகத் திருப்பி, தடமில்லாத அடிப்பக்கத்தில் பந்தை உருட்டிவிட்டார்கள். கேம் அதை ஏற்றுக்கொள்கிறது. பந்து போய்ச் சேர்ந்ததா என்றுதான் பார்க்கிறதே தவிர எப்படிச் சேர்ந்தது என்று கேட்பதில்லை.

இனி கதைப் பக்கம். இங்கே தடை கணக்குதான். இரண்டு வழித் தேர்வு பத்துமுறை வந்து ஒவ்வொன்றும் தனிக்கிளையாகப் பிரிந்தால் 1024 கதைகள் எழுத வேண்டும். யாராலும் முடியாது. எனவே கிளைகள் பிரிவதுபோல் பிரிந்து மீண்டும் சேர்ந்துகொள்ளும். டெல்டேல் நிறுவனத்தின் த வாக்கிங் டெட் (2012) இதைத் திறமையாகச் செய்தது. நாம் சொன்ன ஒன்றைச் சிறுமி கிளெமன்டைன் நினைவில் வைத்துக்கொள்வாள் என்று திரையில் ஒரு வரி தோன்றும். நிகழ்வுகள் பெரிதாக மாறாது, ஆனால் நாம் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி மாறும். அதை மோசடி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதே ஆண்டு மாஸ் எஃபெக்ட் 3 மூன்று பாகங்களின் தேர்வுகளுக்கும் பலன் உண்டு என்று நம்பவைத்துவிட்டு, கடைசியில் ஏறக்குறைய ஒரே மாதிரியான சில முடிவுகளுக்குள் எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்தியது. எழுந்த கண்டனத்தில் பயோவேர் நிறுவனம் ஜூன் மாதம் விரிவாக்கிய முடிவை இலவசமாக வெளியிட வேண்டியிருந்தது.

கணக்கிலிருந்து தப்பிக்கும் வழி, கதையையும் விதிகளின் தளத்துக்கே இறக்குவது. பால்டர்ஸ் கேட் 3இல் பிணத்தோடு பேசும் மந்திரம் உண்டு. ஆனால் நாமே கொன்றவரின் பிணம் நம்மோடு பேச மறுக்கும். மாறுவேட மந்திரம் போட்டுக்கொண்டு போனால் ஆள் தெரியாமல் பேசிவிடும்! இதற்கென்று தனிக் கிளை வேண்டாம், ‘கொலையாளியை அடையாளம் கண்டால் பேசாதே’ என்ற ஒரு விதி போதும். இரண்டு மந்திரங்களும் சந்திக்கும் இடத்தில் கதை தானாகவே விளைகிறது. டிஸ்கோ எலிசியம் (2019) வேறு வழியில் போனது. துப்பறியும் நாவலையும் ஆர்பிஜியையும் கலந்து, சண்டைக்கென்று தனிப் பகுதியே இல்லாமல் செய்தது. நாயகனின் இருபத்து நான்கு திறன்கள் அவன் மண்டைக்குள் குரல்களாகப் பேசும், சில சமயம் பொய்யும் சொல்லும். பகடையில் தோற்றாலும் கதை நகரும், பல இடங்களில் வென்றால் கிடைப்பதைவிடச் சுவையாகவே நகரும். தொடக்க அறையிலேயே மின்விசிறியில் சிக்கிய கழுத்துப்பட்டையை எடுக்கப் போய் மாரடைப்பில் சாகக்கூட முடியும். அவ்வளவு கேவலமான சாவை வேறெந்தக் கேமும் எனக்குத் தந்ததில்லை.

செயலுரிமையைக் கூட்டுவதே நல்லது என்று இதுவரை பேசியதிலிருந்து தோன்றலாம். அப்படி இல்லை. 2007இல் வந்த பயோஷாக் பாதி வழியில் ஒன்றைப் போட்டுடைக்கிறது. ஆட்டக்காரர் தாமாகச் செய்ததாக எண்ணியவை எல்லாம் பணிவான ஒரு சொற்றொடருக்குக் கட்டுப்பட்டு நடந்தவை. நல்ல அடி. ஆனால் அதற்குப் பிறகும் கேம் அதே மாதிரி கட்டளைகளைத் தொடர்ந்து தருவதால், சொன்னதும் செய்வதும் பொருந்தவில்லை. வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அந்த ஆண்டே அந்தக் கேமின் கதைக்கும் ஆட்டத்துக்கும் இடையிலுள்ள முரண்பற்றி எழுதியது இன்றும் எடுத்தாளப்படுகிறது. லூகஸ் போப்பின் பேப்பர்ஸ், ப்ளீஸ் (2013) இதைவிட நேர்மையானது என்பேன். எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கும் குமாஸ்தா வேலை. முத்திரை குத்துவது ஒரு புதிர், மாலையில் வாடகைக்கும் வெப்பத்துக்கும் மருந்துக்கும் கூலியைப் பங்கிடுவது ஒரு வரவுசெலவு ஆட்டம். கெஞ்சும் ஒருவரை உள்ளே விட்டால் அபராதம் கூலியிலிருந்து போகும், வீட்டில் குளிரும். இரண்டு வகைகளும் ஒன்றையொன்று அசைப்பதால்தான் அந்த முத்திரை கனக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. சமையல் புதிரும் கதைசொல்லலும் கலந்த சிறு கேம். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து கறைபட்டிருக்கிறது. விடுபட்ட படியை நாம் ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும். கிளைகள் கிடையாது, முடிவு ஒன்றுதான். பிள்ளை கவினாக ஆடும் பகுதியில் தமிழெழுத்து அவனுக்குச் சரியாகப் பிடிபடாததால் குறிப்பே நமக்கும் தடுமாறுகிறது. தாயாக ஆடியபோது இருந்த தேர்ச்சி மகனாக ஆடும்போது கையை விட்டுப் போகிறது. செயலுரிமையைக் குறைப்பதன் மூலமே இங்கே கதை சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருது இதற்குக் கிடைத்தது.

எஞ்சியிருப்பது பணக் கேள்வி. லுக்கிங் கிளாஸ் 2000 மே மாதம் மூடப்பட்டது, அவர்கள் வழிவந்த டியூஸ் எக்ஸ் கடைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன். அயன் ஸ்டார்மின் ஆஸ்டின் கிளை 2005இல் போனது. பிசின் துப்பாக்கியால் சுவரில் படிக்கட்டு கட்டிக்கொண்டு ஏறும் ப்ரே (2017) கேமைச் செய்த ஆர்க்கேன் ஆஸ்டினை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் மூடியது. விமர்சகர்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்த குழுக்கள் இவை. காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு, ஆனால் பொதுவான சுமை ஒன்று உண்டு. விதிகள் ஒன்றையொன்று தொடும் கேமில் சோதித்துப் பார்க்க வேண்டிய சேர்க்கைகளுக்கு முடிவில்லை. விளம்பரத்தில் காட்ட ஒற்றை வாக்கியமும் கிடைக்காது. லாரியன் குழு பால்டர்ஸ் கேட் 3இன் முதல் பகுதியை 2020 அக்டோபரிலேயே விற்று, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாங்கியவர்களையே சோதனையாளர்களாக வைத்துக்கொண்டது. நின்டெண்டோ முதலில் இருபரிமாண மாதிரி ஒன்றைச் செய்து விதிகளைப் பரிசோதித்தது. சீட்டுக்கட்டு ரோக்லைக்குகளைச் செய்யும் சிறு குழுக்களோ உலகத்தையே ஒரு மேசை அளவுக்குச் சுருக்கிவிடுகின்றன. முப்பரிமாண உலகத்தையும் விரிந்த விதிகளையும் ஒருசேர வைத்துக்கொண்டு, நடுத்தரப் பட்ஜெட்டில் பிழைத்திருக்கும் வழியை இந்தத் தொழில் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.